பாலும் கம்பும்

பாம்பு பால் குடிக்காது. இதை இப்படிப் பட்டென்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். தாய்ப்பால் என்பதையே அறியாத பிறவி அது. நாகம் முட்டையிலிருந்து வருகிறது. கண்ணாடி விரியன் குட்டியாகவே பிறக்கிறது. எப்படிப் பிறந்தாலும் அதன் இரையை அதுவேதான் தேடிக்கொள்ள வேண்டும். அதன் வயிறு பாலுக்கென்று அமைந்த வயிறல்ல.

“என் கண்ணால் பார்த்தேனே! பாம்பாட்டியின் கூடையில் இருந்த நாகம் கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்ததே!” என்பார்கள். பார்த்தது நிஜம்தான். பார்க்காதது ஒன்று உண்டு. அந்த நாகத்துக்குப் பல நாளாகத் தண்ணீர் காட்டியிருக்க மாட்டார்கள். தொண்டை வறண்ட ஜீவன் ஈரமான எதையும் உறிஞ்சும். பல்லைப் பிடுங்கியதால் ரணமான வாயோடு அது குடித்த பால் வயிற்றைக் கெடுக்கும். மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலையும் கெடுக்கும். கூட்டம் காசு போட்டுவிட்டுக் கலைந்த பிறகு, கூடைக்குள் அது சாகும். புண்ணியம் நமக்கு, மரணம் அதற்கு!

ஆடி வெள்ளியில் புற்றுக்கு ஊற்றுகிற பால் யாருக்குப் போகிறது? புற்று கறையான் கட்டிய வீடு. பாம்பு அதில் குடியேறிய அந்நியன். ஊற்றிய பாலை மண் குடிக்கிறது. உள்ளே பாம்பு இருந்தால் நனைந்துபோன வீட்டை விட்டு வேறு இடம் தேடுகிறது. நாகத்தைக் கும்பிடுவதை நான் பரிகசிக்கவில்லை. கும்பிடுகிறவர் கும்பிடட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை பால் ஊற்றிய அதே கை, சனிக்கிழமை வரப்பில் ஒரு சாரையைக் கண்டதும் கம்பை ஓங்குகிறதே, அதற்கு என்ன பெயர்? பக்தி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

விக்கிரவாண்டிப் பக்கம் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற பூமி. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். எலி தின்ற நெல்லுக்குக் கணக்குப் பார்க்கிற விவசாயி, பாம்பு தின்ற எலிக்கும் கணக்குப் பார்க்க வேண்டாமா? கூலி கேட்காமல் ராத்திரிக் காவல் காக்கிற ஜீவனை அடித்துப் போட்டுவிட்டு, எலிமருந்துக்குக் கடை வாசலில் போய் நிற்கிறோம்.

இப்போது இன்னொரு மோகம் வந்திருக்கிறது. நகரத்து வாலிபர்கள் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். நம் நாட்டு நாகத்தையோ சாரையையோ பிடித்து வைப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆகவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, பந்து போலச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்புக்குப் போகிறார்கள். கொஞ்ச நாளில், “சாப்பிட மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது?” என்று ஒரே புலம்பல்.

என்ன செய்வது? முதலில் அதன் நியாயத்தைக் கேளுங்கள். அது வெளிச்சூட்டைக் கொண்டு உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் பிராணி. சூடு குறைந்தால் ஜீரணம் நின்றுவிடும். விழுங்கியது வயிற்றிலேயே அழுகும். அதனால் குளிரில் அது தின்னாது. சட்டை உரிக்கும் நாள் நெருங்கினால் கண்ணில் மங்கல் படரும். அப்போதும் பெரும்பாலும் தின்னாது. ஒளிந்துகொள்ள ஒரு பொந்து இல்லாவிட்டால் பயம். பயந்த பாம்புக்குப் பசி ஏது? தினமும் எடுத்துத் தோளில் போட்டுச் சிநேகிதர்களுக்குக் காட்டினால் தின்றதையும் கக்கிவிடும். வாயைப் பிளந்து இரையைத் திணித்தால் தாடைதான் புண்ணாகும். இதமான சூடு, ஒளிய இடம், குடிக்கத் தண்ணீர், தொந்தரவில்லாத தனிமை — இவற்றைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதே வைத்தியம். அப்படியும் மெலிந்துகொண்டே போனால் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ராஜநாகத்தின் இரை மற்றப் பாம்புகள். அதை எலிக்குப் பழக்க, எலியின் மேல் பாம்பு வாடையைத் தேய்த்து ஏமாற்றியிருக்கிறார்கள். ஒரு ஜீவனைச் சிறையில் வைத்துவிட்டு, அது சாப்பிடுவதற்கும் மோசடி தேவைப்படுகிறது பாருங்கள்! புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், பாம்பு பட்டினி கிடந்தால் மட்டும் அதைப் பிடிவாதம் என்கிறார்கள்.

பாம்பு எதைத் தின்னும், எப்போது தின்னும் என்று தெரிந்தவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் வாழும் இருளர்கள், வரப்பு எலிவளையைத் தோண்டி அதே எலியை உண்டு வாழ்ந்தவர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். சட்டம் அந்தத் தொழிலை நிறுத்தியது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் பாம்பைப் பானையில் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, சில வாரத்தில் மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையால் வந்தது. 2023-ல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைக் கும்பிட்டு ஒன்று, கொன்று ஒன்று என்றில்லாமல், மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று காட்டியவர்கள் அவர்கள்.

“பாம்பு கடித்து மனிதன் சாகிறானே, அதற்கு என்ன சொல்கிறாய்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். இதைப் பாலும் தடுக்கவில்லை, கம்பும் தடுக்கவில்லை. இருட்டில் கையில் ஒரு விளக்கும் காலில் செருப்பும் தடுக்கும். கடித்தால் மந்திரிக்க ஓடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது தடுக்கும். விக்கிரவாண்டிக்குப் பக்கத்திலேயே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே நரம்பில் ஏற்றும் மருந்து பாம்பின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றிச் செய்தது. கொல்வதற்கும் காப்பதற்கும் மூலப்பொருள் ஒன்றுதான்.

ஆகவே பாம்புக்கு விருந்து வைக்க வேண்டாம். அதன் சாப்பாடு வயலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தின்ன அதற்குத் தெரியும். பால் செம்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கம்பையும்தான். எதிரே வந்தால் நாலடி ஒதுங்கி வழி விடுங்கள். அது கேட்பது அவ்வளவுதான்.