பெடல் ஸ்டீலும் செட்டப் காஸ்ட்டும்

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு 'செட்டப் காஸ்ட்' என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு மெஷினில் பத்து போல்ட் செய்தாலும் பத்தாயிரம் போல்ட் செய்தாலும், அந்த வேலைக்கு மெஷினைத் தயார் பண்ண ஆகும் செலவு ஒன்றுதான். பத்தாயிரம் போல்ட்டில் அது கண்ணுக்கே தெரியாது. பத்தே போல்ட் என்றால் அந்தச் செலவே ஆளைச் சாய்த்துவிடும்.

பரீட்சையில் வருகிற ஒரு கணக்கு, அவ்வளவுதான் என்று இருந்தேன். ஒரு இசைக்கருவியைப் பற்றித் துருவித் துருவிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், இது மனுஷனுடைய முதுகெலும்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று புரிந்தது.

அந்தக் கருவி பெடல் ஸ்டீல் கிதார்.

பெயரைக் கேட்டதும் தோளில் மாட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வாசிக்கும் கிதாரை நினைத்துவிடாதீர்கள். (நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் :-)) இது நாலு கால் வைத்த ஒரு சின்ன மேஜை மாதிரி இருக்கும். மேலே படுக்கைவாட்டில் பத்து தந்திகள். வாசிப்பவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் ஒரு கனமான இரும்பு உருளையைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்குவார். 'ஸ்டீல்' என்ற பெயர் வந்ததே இந்த உருளையால்தான். கருவியின் உடம்பு பெரும்பாலும் மேப்பிள் மரம். கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு இந்த வழுக்கல் வித்தை சட்டென்று பிடிபடும்.

ஆனால் இங்கே கை மட்டும் வேலை செய்தால் போதாது. இடது கால் கீழே இருக்கும் பெடல்களை மிதிக்கும். வலது கால் வால்யூம் பெடலில் இருக்கும். இரண்டு முழங்கால்களும் இடமும் வலமுமாக லீவர்களைத் தள்ளும். ஒவ்வொரு பெடலும் குறிப்பிட்ட சில தந்திகளை மட்டும் இழுத்து அல்லது தளர்த்தி சுருதியை மாற்றும். ஒரு தந்தி அப்படியே நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் மெல்ல மேலே ஏறும். அமெரிக்க கன்ட்ரி பாட்டுகளில் பின்னணியில் ஏதோ ஒன்று அழுகிற மாதிரி கேட்குமே, அது இதுதான்.

கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற பையன் கிதாரின் மேல் இரும்பை வழுக்கி வாசித்ததாகச் சொல்வார்கள். பெடல்கள் எல்லார் காதிலும் விழுந்தது 1954-ல். வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அந்தப் பாட்டு பெரிய ஹிட். அதற்குப் பிறகு நாஷ்வில்லில் ஸ்டீல் வாசிக்கிறவர்கள் எல்லாம் பெடலைத் தேடிப் போனார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த மேஜையை வீட்டிலிருந்து மேடைக்கு எப்படிக் கொண்டுபோவது?

இரட்டைக் கழுத்து மாடல் என்று ஒன்று உண்டு. ஒரே உடம்பில் பத்து பத்து தந்தியாக இரண்டு வரிசை. ஒன்று கன்ட்ரி பாட்டுக்கான E9 சுருதி, இன்னொன்று ஸ்விங், ஜாஸ் வகைக்கான C6 சுருதி. பெட்டியோடு சேர்த்தால் சுமார் 30 கிலோ. இதோடு ஆம்ப்ளிஃபையர். பலர் வைத்திருக்கும் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் மட்டுமே கிட்டத்தட்ட 29 கிலோ. அப்புறம் ஸ்டூல், வால்யூம் பெடல், ஒயர்கள், உதிரித் தந்திகள். ஒரே நடையில் முடியாது. காருக்கும் மேடைக்கும் குறைந்தது இரண்டு மூன்று நடை. நடுவில் மாடிப்படி இருந்தால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

மேடைக்கு வந்தாயிற்றா? இனிமேல்தான் வேலையே. கருவி பெட்டிக்குள் தலைகீழாகப் படுத்திருக்கும். அப்படியே வைத்து நாலு கால்களையும் திருகி மாட்ட வேண்டும். பிறகு நிமிர்த்தி, முன்கால்கள் இரண்டுக்கும் நடுவில் பெடல் சட்டத்தைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு பெடலிலிருந்தும் ஒரு ராடு மேலே போய் உடம்புக்கு அடியில் உள்ள கொக்கியில் மாட்டும். இரட்டைக் கழுத்தில் வழக்கமாக எட்டு பெடல், அதனால் எட்டு ராடு. ஒன்றை இடம் மாற்றி மாட்டினால் பாட்டு நடுவில்தான் தெரியவரும்! மேடை மேடுபள்ளமாக இருந்தால் கால் உயரத்தைச் சரி பண்ண வேண்டும். கைப்பழக்கம் உள்ளவருக்கே பத்துப் பதினைந்து நிமிஷம்.

அடுத்தது சுருதி. சாதாரண கிதாரில் ஆறு தந்தி, ஆறு முறுக்கு, முடிந்தது. இதில் பத்து தந்தியையும் திறந்த நிலையில் சேர்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு பெடலாக மிதித்து, மிதித்த நிலையில் வரும் ஸ்வரத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கென்று வலது ஓரத்தில் சின்னச் சின்ன நைலான் நட்டுகள் வரிசையாக இருக்கும். குளிரில் நின்ற வண்டியிலிருந்து இறக்கி, விளக்குச் சூடு அடிக்கும் மேடையில் வைத்தால் எல்லாம் மறுபடி நகரும். போதாததற்கு E9-ன் மூன்றாவது தந்தி 0.011 அங்குல மொத்தம்தான். பெடல் அதை மேலே இழுத்துக்கொண்டே இருப்பதால் அடிக்கடி அறுகிற தந்தியும் அதுதான்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். கீழே இருப்பது நானே போட்ட உதாரணக் கணக்கு, புள்ளிவிவரம் இல்லை.

வீட்டில் எடுத்துக்கட்டி வண்டியில் ஏற்ற அரை மணி. பயணம் முக்கால் மணி. இறக்கி மாட்ட அரை மணி. சுருதி கால் மணி. ஆக, வாசிப்பதற்கு முன்பே 2 மணி நேரம். முடிந்ததும் கழற்றி ஏற்ற அரை மணி, திரும்பிவர முக்கால் மணி, வீட்டில் இறக்கக் கால் மணி. அது ஒன்றரை. மொத்தம் மூன்றரை மணி நேரம், ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல்.

அன்று 4 மணி நேரம் வாசித்தால், ஒரு மணி நேர வாசிப்பின் தலையில் விழும் சுமை சுமார் 52 நிமிஷம். சரி, போகட்டும். அன்று வாசிப்பது 45 நிமிஷம் மட்டும் என்றால்? ஒரு மணி நேர வாசிப்புக்கு 4 மணி 40 நிமிஷம்! பத்து போல்ட் கதைதான்.

இதே 45 நிமிஷத்துக்கு எல்லாருக்கும் தலைக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கிதார்காரருக்குப் பயணத்தையும் சேர்த்து வாசிக்காத நேரம் 2 மணி. அவருக்கு மணிக்கு 36 டாலர் விழும். ஸ்டீல்காரருக்கு மணிக்கு 23 டாலர் சொச்சம். இரண்டு பேரும் ஒரே மேடையில் ஒரே நேரம் வாசித்தவர்கள். 'எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டோம்' என்று நல்ல மனசோடு சொல்லும் பேண்டில்தான் இது நடக்கும் என்பதுதான் வேடிக்கை.

என் கருத்து இதுதான்: வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் சம்பளம் போடுவது சமமான பங்கு அல்ல, கணக்குப் பிழை. மேடையில் இடம் எடுக்கிறது, மெனக்கெட வேண்டியிருக்கிறது என்று சொல்லி ஸ்டீலை விட்டுவிடுகிறவர்கள் ரசனையால் அதை விடவில்லை. செட்டப் காஸ்ட்டை வாசிப்பவர் தலையிலேயே கட்டிவைத்ததன் விளைவு அது. பழைய டெக்ஸாஸ் நடன மண்டபங்களில் ராத்திரி முழுக்க ஆடுவார்கள். அங்கே ஸ்டீல் கிதார் செழித்ததில் ஆச்சரியம் இல்லை. நீண்ட ராத்திரி செட்டப் காஸ்ட்டைத் தின்றுவிடும். ஆளுக்கு முக்கால் மணி, இடையில் கால் மணி என்று ஐந்து பேண்டை வரிசையாக ஏற்றும் இடத்தில் எது முதலில் அடிபடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் ரெடியாக இருக்கும், தெரியும். "கனமான கருவியை எடுத்தது அவர் இஷ்டம். டிரம்ஸ்காரர் தூக்கவில்லையா?"

நல்ல கேள்விதான். ஆனால் டிரம்ஸ் பல இடங்களில் மேடையிலேயே இருக்கும். வருகிறவர் தன் ஸ்னேரையும் சிம்பலையும் மட்டும் கொண்டுவந்தால் போதும். பியானோக்காரர் வெறும் கையோடு வரலாம். பெடல் ஸ்டீலுக்கு அந்த வசதி கிடையாது. எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு மாற்றும் என்பது ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். முக்கியமான மூன்று பெடல்களை பட்டி எம்மன்ஸ் இடமிருந்து வலமாக A, B, C என்று வைத்தார். ஜிம்மி டே அதையே C, B, A என்று திருப்பி வைத்தார். இன்றும் இரண்டு வழியிலும் வாசிக்கிறார்கள். முழங்கால் லீவர்கள் அவரவர் கால் நீளத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். அடுத்தவர் கருவியில் உட்காருவது, எழுத்தெல்லாம் இடம் மாறிய கீபோர்டில் பரீட்சை எழுதுகிற மாதிரி. அதனால் தூக்கித்தான் ஆக வேண்டும். அது இஷ்டம் இல்லை, கருவியின் இயல்பு.

"சரி, இலேசாக ஒன்று வாங்கட்டுமே?" இதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஒற்றைக் கழுத்து வாங்கினால் எடை நன்றாகக் குறையும். ஆம்ப்ளிஃபையரில் மாற்றம் இன்னும் பெரிது. அதே ட்வின் ரிவர்பின் டிஜிட்டல் வடிவம் 2019-ல் டோன் மாஸ்டர் என்ற பெயரில் வந்தது. எடை சுமார் 15 கிலோ, பாதிதான். 'சத்தம் பழைய மாதிரி இல்லை' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பின்வரிசையில் பீரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் கேட்காது. வாசிப்பவரின் இடுப்புக்கு நிச்சயம் தெரியும். குறைக்க முடிந்த எடையை வறட்டு கௌரவத்துக்காகத் தூக்குவதை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே போக முடியாது. கால், பெடல், ராடு, லீவர் எல்லாம் வேண்டுமே. விமானத்தில் போகிறவர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் 2012-ல் வந்த சட்டமும் 2015-ல் அமலுக்கு வந்த விதியும், 165 பவுண்டு வரை எடையுள்ள வாத்தியத்தை விமான நிறுவனங்கள் சரக்குப் பகுதியில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கமான பெட்டி எடையான 50 பவுண்டைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் வாங்கலாம். அதனால் உடம்பை ஒரு பெட்டியிலும், கால், ராடு, பெடல் சட்டத்தை இன்னொரு பெட்டியிலும் பிரித்துக் கட்டுகிறார்கள். கருவிக்கு உரிமை கிடைத்துவிட்டது, பில் மட்டும் அவர் பேரில்தான்.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம்.

ஒன்று, பேண்டின் கணக்கில் சம்பளத்தை இரண்டு வரியாக எழுதுங்கள். செட்டப்புக்கு இவ்வளவு, வாசிப்புக்கு இவ்வளவு. முதல் வரி ஆளுக்கு ஆள் மாறலாம், இரண்டாவது எல்லாருக்கும் சமம்.

இரண்டு, பல பேண்ட் வரும் நிகழ்ச்சியில் ஸ்டீலை முதலிலேயே மாட்டி, சுருதி சேர்த்து ஓரமாக நிற்க விடுங்கள். மேடையில் ஒரு மேஜை அளவு இடம்தான் அது கேட்பது. முடிந்தால் அதே ஆளை இரண்டு மூன்று பேண்டுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். செட்டப் ஒன்று, சம்பளம் மூன்று.

மூன்று, இதற்குக் காசே வேண்டாம்: பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடியுங்கள். மைக் ஸ்டாண்டைத் தவிர எதையும் தூக்காத பாடகர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கருவியில் கை தேறப் பல வருஷம் ஆகும். நன்றாக வாசிக்க வருகிற வயதும் 30 கிலோவைத் தூக்க முடியாமல் போகிற வயதும் ஒருவருக்கு ஒன்றாகவே வந்து சேரலாம். விரல் நன்றாக இருக்கும், காது நன்றாக இருக்கும், மாடிப்படிதான் முடியாது. அப்படி ஒருவர் ஒதுங்கிப்போனால் ஊர் 'ரிட்டயர் ஆகிட்டார்' என்று சொல்லும். பெட்டியைப் பிடிக்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவர் இன்னும் பத்து வருஷம் வாசித்திருக்கலாம். அந்தப் பத்து வருஷம் யாருடைய பேலன்ஸ் ஷீட்டிலும் நஷ்டமாக வராது. அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை.

டிஸ்கி: எனக்குப் பெடல் ஸ்டீல் வாசிக்கத் தெரியாது. காஸ்டிங்கிலும் நான் ஒன்றும் பெரிய புலி இல்லை. மேலே உள்ள கணக்கில் தப்பு இருந்தால் வகுப்புத் தோழர்கள் தாராளமாகக் குட்டலாம். 'தூக்குகிற நேரமும் வேலை நேரம்தான்' என்பதில் மட்டும் பேரம் கிடையாது :-)