பொது ஸ்தலங்களும் கைக்குழந்தைகளும்

ரெயிலிலோ, பஸ் ஸ்டாண்டிலோ, ஹோட்டலிலோ கைக்குழந்தையொன்று மலஜலம் கழித்துவிட்டால் அதன் துணியை எங்கே, யார், எவ்விதம் மாற்றுவது? தலையங்கத்தில் ஆராயத்தக்க விஷயமா இது என்று நமது நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். இதை அற்ப விஷயமென்று தள்ளுகிறவர்கள், பெரும்பாலும், அவ்வேலையை ஒருநாளேனும் தம் கையால் செய்தறியாத கனவான்களே. குழந்தையுடன் வெளியே புறப்படும் ஸ்திரீக்கு இது அற்பமன்று. போகுமிடத்தில் வசதி இராது என்றஞ்சியே எத்தனையோ தாய்மார் பிரயாணத்தையும், பொதுக்கூட்டத்தையும், சில சமயம் வைத்தியரிடம் செல்வதையுங்கூட ஒத்திப்போடுகிறார்கள்.

நமது பாட்டிமார் நைந்த வேஷ்டியைக் கிழித்து மடித்துக் கட்டினார்கள். நனைந்ததைக் கசக்கிக் கொடியில் உலர்த்தினார்கள். இப்பொழுது பிரயாணமென்றால் டயாப்பர்தான். அமெரிக்கக் கம்பெனியொன்று 1961-ல் விற்பனைக்குக் கொணர்ந்த ‘பேம்பர்ஸ்’ என்ற சரக்கின் பெயரே நம் வீடுகளில் அவ்வகைச் சரக்கு அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதன் சௌகரியத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் துணியைத் துவைத்து மறுபடி கட்டலாம். இதையோ எறிந்தாக வேண்டும். தொல்லையெல்லாம் எறிவதில்தான் இருக்கிறது. வெளிப்புறம் பிளாஸ்டிக் தோல். உட்புறம் நீரை உறிஞ்சிப் பன்மடங்கு உப்பிக் களியாகிவிடும் ரஸாயனத் தூள். இதைக் கக்கூஸ் பீங்கானில் தள்ளினால், குழாய்க்குள் சென்று மேலும் ஊதி, வழியை அடைத்துக்கொள்ளும். ரெயில் வண்டிகளில் அமைந்துள்ள பயோ-டாய்லெட்டுகள் அடைபட்டு நாறுவதற்கு இத்தகைய பொருள்களும் ஒரு காரணமாகும்.

அடைபட்டதை எடுப்பது யார்? எறிந்தவர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். மனித மலத்தைக் கையால் அள்ளும் வேலையில் எவரையும் அமர்த்தலாகாதென்று பார்லிமெண்டு 2013-ல் சட்டம் இயற்றியது. ஜன்னல் வழியே வீசப்பட்ட பொட்டலத்தைத் தண்டவாளத்தினின்றும் பொறுக்குகிற தொழிலாளிக்கும், பஸ் ஸ்டாண்டுக் குப்பையை வெறுங்கையால் பிரிக்கிற பெண்ணுக்கும் அச்சட்டத்தால் விளைந்த நன்மை யாது? உபயோகித்த டயாப்பரைப் பத்திரமாகச் சுற்றி, மக்காத குப்பைக்குரிய தொட்டியில் சேர்க்கவேண்டுமென்று 2016-ல் வகுக்கப்பட்ட திடக்கழிவு விதிகள் பணித்தன. சுற்றுவதற்குரிய உறையை உற்பத்தியாளர்களே சரக்குடன் தரவேண்டுமென்றும் அவை கூறின. அவ்வுறையைக் கண்ணால் கண்ட தாய்மார் எத்தனைபேர் என்று கம்பெனிகளைக் கேட்கவேண்டியது அதிகாரிகளின் கடமையல்லவா?

பெற்றோர் அனுசரிக்கவேண்டிய மரியாதை கடினமானதன்று. பிறர் உண்ணும் மேஜைமீது குழந்தையைக் கிடத்தி மாற்றுவது கூடவே கூடாது. குழந்தையின் மலம் சுத்தமானதென்பது நம்மிடையே வேரூன்றிய ஒரு தப்பெண்ணம். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் அதன் வழியாகவே ஒன்றினின்று மற்றொன்றுக்குப் பரவுகிறது. ரெயிலில் வேறு வழியில்லாவிடில், பக்கத்திலுள்ளவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கீழ்ப்படுக்கையில் சொந்த விரிப்பை விரித்து விரைவில் முடித்துவிடலாம். உயரமான பலகையில் கிடத்தினால் ஒரு கை எப்பொழுதும் குழந்தையின்மேல் இருக்கவேண்டும், கணத்தில் புரண்டுவிடும். கழற்றியதை இறுகச் சுருட்டி, காகிதத்தில் பொதிந்து, தொட்டி அகப்படும் வரையில் கையோடு கொண்டு செல்லவேண்டும். பின்பு சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். இவ்வளவே.

அயலாருக்கும் மரியாதையுண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு முகஞ்சுளிப்பதும், “இங்கேயா செய்வது!” என்று அதட்டுவதும் நாகரிகமாகாது. அதே கனவான் ஸ்டேஷன் சுவரோரம் நின்று சிறுநீர் கழிப்பதை ஒருவரும் அதட்டுவதில்லை! குழந்தையோ பொழுதறியாது, இடமறியாது. தாய் தடுமாறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்று இடம்விட்டுக் கொடுப்பதே பெருந்தன்மை. அந்தச் சமயத்தில் கைப்பேசியில் படம் பிடிக்கிறவர்களைப்பற்றி எழுத நமக்குத் தகுந்த சொல் கிடைக்கவில்லை.

இது நிற்க. இவ்வேலை தாயினுடையதே என்ற எண்ணத்தை நாம் முற்றும் நிராகரிக்கிறோம். தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில், சிசு பரிபாலனத்தைப்பற்றிய குஜராத்திப் புத்தகமொன்றைப் படித்து, அதன்படி தம் கடைசிப் புதல்வர் இருவரையும் மகாத்மா காந்தி தாமே பராமரித்தார். 1900-ல் தேவதாஸ் பிறந்தபொழுது, உரிய காலத்தில் உதவி கிடைக்காமற்போகவே, பிரசவத்தையும் அவரே பார்த்தார். மறு ஆண்டு கல்கத்தாக் காங்கிரஸில் பிரதிநிதிகளின் கக்கூஸ் இருந்த அலங்கோலத்தைக் கண்டு, அது தோட்டியின் வேலையென்று தொண்டர்கள் ஒதுங்கிநிற்க, துடைப்பத்தை எடுத்தவரும் அவரே. மேடையில் அவர் பெயரைச் சொல்லிவிட்டு, ரெயிலில் மனைவி இரண்டு குழந்தைகளுடன் திண்டாடுகையில் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளும் தேசபக்தர்கள், அப்பத்திரிகை நம்முடையதாயிருப்பினும், அதை மடித்துவைத்துவிட்டு எழுந்திருப்பார்களாக.

எழுந்தவர் எங்கே செல்வது? 2015-ல் நம் ராஜ்யத்தில் 300-க்கு மேற்பட்ட பஸ் ஸ்டாண்டுகளில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். எனினும் அவ்வறைகளில் ஆண் நுழைவதற்கில்லை, நுழையவும் கூடாது. தாயில்லாமல் குழந்தையுடன் பிரயாணம் செய்யும் தகப்பனுக்கோ பாட்டனாருக்கோ நடைபாதைத் தரையே கதி. அமெரிக்காவில் 2016-ல் இயற்றப்பட்ட சட்டமொன்று, அந்நாட்டு மத்திய சர்க்காரைச் சேர்ந்த, பொதுஜனங்கள் வந்துபோகும் கட்டிடங்களில், சில விலக்குகளுக்குட்பட்டு, ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி இரண்டிலும் குழந்தையைக் கிடத்தித் துணிமாற்றும் பலகை இருக்கவேண்டுமென்று விதித்தது. பலகைக்கு ஆண் பெண் பேதமில்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நமது சுப்ரீம் கோர்ட்டும் வாளாவிருக்கவில்லை. பொது ஸ்தலங்களில் பாலூட்டும் அறையும் குழந்தை பராமரிப்பு அறையும் அமைக்கும்படி மத்திய சர்க்கார் 2024-ல் ராஜ்ய சர்க்கார்களுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு, 2025 பிப்ரவரியில் அது ஒரு தீர்ப்பளித்தது. இருக்கும் கட்டிடங்களில் இயன்ற வரையில் இதை நிறைவேற்றவேண்டும், இனிக் கட்டும் கட்டிடங்களில் போதிய இடம் ஒதுக்கவேண்டும் என்பது அதன் சாரம். ‘இயன்ற வரையில்’ என்ற சொற்றொடருக்குள் எத்தனை காரியாலயங்கள் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை வக்கீல் தொழில் செய்த எவரும் அறிவர். ஆகவே புதிய கட்டிடங்களின் விஷயத்திலேனும் இச்சாக்குக்கு இடங்கொடுக்கலாகாது.

முனிசிபல் கவுன்ஸிலர்களுக்கு நாம் கூறுவது இது: அடுத்த பஸ் ஸ்டாண்டுக் கட்டிட மதிப்பீடு உங்கள் முன் வரும்பொழுது, இருபாலார் பகுதியிலும் சுவரில் மடக்கும் பலகையொன்றும், கைகழுவத் தண்ணீரும் சோப்பும், மூடியுள்ள தொட்டியொன்றும் அதில் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அத்தொட்டியைத் தினந்தோறும் எடுக்கிற தொழிலாளியின் கையுறைக்கும் அம்மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்குங்கள்.