கிணற்றுக்கும் ஒரு பட்டா வேண்டும்

சென்ற கோடையில் ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். "சொர்ணவாரிக்கு விட்ட நாற்று மஞ்சளாகப் பழுக்குது ஐயா. மேட்டுப் பக்கம் பட்டறைகள் வந்த பிறகுதான் இப்படி" என்றார். சோதித்ததில் உப்பு மிகுந்திருந்தது. "முன்பு தண்ணீர் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "கற்கண்டு மாதிரி இருந்தது ஐயா." அதற்குப் பரிசோதனைச் சீட்டு ஏதேனும் உண்டா என்றதற்குச் சிரித்துவிட்டார். "நல்ல தண்ணியை யாராவது டெஸ்டுக்குக் கொடுப்பாங்களா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தச் சீட்டு இல்லாததால், அவருடைய குறைக்கு மருந்து சொல்ல என்னால் முடிந்ததே தவிர, அது யாரால் வந்தது என்று எழுதித்தர முடியவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுவதும் சுமார் முப்பது ஆண்டுகளில் தொழிற்பேட்டையாகிவிட்டது. ஆலைகள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்கள். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமுமாக இன்னும் நவரையும் சம்பாவும் வைப்பவர்களுக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதே என் கவலை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. கழிவுநீர் வெளியேற்றும் ஆலை எதுவானாலும், நிறுவுவதற்கு ஒன்றும் இயக்குவதற்கு ஒன்றுமாக மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை பெற வேண்டும். எவ்வளவு கழிவுநீர், எப்படிச் சுத்திகரித்து எங்கே விடுவது என்பதெல்லாம் அந்த ஆணையில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் அதன் நகலைக் கேட்கலாம்.

ஆனால் சட்டம் கழனிக்கு வந்து சேர எவ்வளவு காலமாகிறது என்பதற்கு வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வழக்கைப் பாருங்கள். அந்தப் பகுதியில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை, நமது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் முதற்கட்ட ஆய்வில் கண்டு சொன்னது. 1991-ல் போடப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தரவேண்டும், கெட்ட நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்றது. தன் தொழிலால் கேடு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருக்கே என்றது. இதைவிட நல்ல தீர்ப்பை விவசாயி கேட்க முடியாது.

இழப்பீட்டு ஆணை வந்தது 2001-ல். 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மொத்தம் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரி 9 ஆயிரத்துச் சொச்சம்! அதன் பிறகும் முடியவில்லை. இன்னும் கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கவும், ஆலைகளிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்குப் போட்டு முப்பத்து நான்காம் வருடம்.

கெட்டபின் நஷ்டத்தைக் கணக்கிடப் புறப்பட்டால் இப்படித்தான் ஆகும். நம் வட்டாரத்தில் இன்னும் நல்ல கிணறுகள் நிறைய உள்ளன. நல்லதாக இருக்கும்போதே அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்கிறேன். நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர், கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டாமா?

இன்னொரு காரணமும் உண்டு. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி அங்கே இல்லை. ஆனால் காலக்கெடு உண்டு. மாசைத் தடுக்கக் கோருவதானால், காரணம் முதலில் ஏற்பட்டதிலிருந்து 6 மாதம். இழப்பீடு கோருவதானால் 5 ஆண்டு. தக்க காரணம் காட்டினால் இரண்டிலும் இன்னும் 60 நாள் வரை தரலாம். வருடக் கணக்கில் வரிசையாகச் சீட்டு இருந்தால்தானே, தண்ணீர் எப்போது மாறியது என்று சொல்ல முடியும்?

மாதிரி எடுப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். மோட்டாரைப் போட்டவுடன் வரும் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. அரைமணி ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடவேண்டும். மருந்து பாட்டிலும் பிராந்தி பாட்டிலும் உதவா. மறுநாளுக்குள் பரிசோதனை நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். மின்கடத்து திறன், கார அமில நிலை, சோடியம், குளோரைடு ஆகியவை சாதாரணமாகப் பார்ப்பார்கள். பக்கத்தில் முலாம் பூசும் பட்டறை இருந்தால் குரோமியம், நிக்கல் பார்க்கும்படி தனியாகக் கேட்கவேண்டும். எல்லா நிலையத்திலும் அதற்குக் கருவி இராது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தண்ணீரில் உப்பு ஏறினால் ஆலைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏரி தூர்ந்து, வரத்துக்கால் அடைபட்டு, கிணறு வற்ற வற்ற இறைத்தாலும் உப்பு ஏறும். அளவின்றி இட்ட உரமும் சேரும். அந்த விவசாயியின் கிணறு எந்த வகை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் விவசாயி தலையில் மட்டும் கட்டுவது முறையாகாது. பெரிய தொழிற்பேட்டைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. பேட்டை முழுமைக்கும் அனுமதி கிடைத்துவிட்டால், பிறகு அதற்குள் வரும் ஆலைக்குத் தனியே கூட்டம் கிடையாது. ஆக, கிராமத்தார் வாய் திறக்க ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. அந்தக் கூட்டத்தில் வேலைவாய்ப்பும் நில விலையும் பேசப்படுகின்றன. பாசனக் கிணறுகளின் இன்றைய நிலையை யாரும் கேட்பதில்லை. பேட்டையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பாசனக் கிணற்றையும் வாரியம் தன் செலவில் சோதித்து, சர்வே எண் வாரியாக ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிய பிறகே கூட்டம் நடத்தவேண்டும் என்பது என் கருத்து. நீர் மாசு சட்டத்தில் வழக்கு நடக்கவேண்டுமானால் வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரியே செல்லும் என்னும்போது, முதல் மாதிரியையும் அவர்களே எடுத்துவைப்பதுதானே நியாயம்?

அதுவரை காத்திருக்க வேண்டாம். மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை, கிணறு இறங்கும் சித்திரையில் ஒரு தடவை சோதியுங்கள். ஆயக்கட்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் மாதிரி எடுத்தால் ஒருவர் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பாட்டிலின் மேல் பெயர், சர்வே எண், எடுத்த தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிய சீட்டைக் கட்டி அனுப்புங்கள். மையால் எழுதினால் நனைந்து அழிந்துபோகும்.