வறண்ட கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து?

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் சென்று வருவோர் பலர். சன்னலோரம் வீசும் அனல் காற்றும் புழுதியும் அவர்கள் கண்ணைத்தான் முதலில் தாக்குகின்றன. வீடு திரும்பிய பின்னும் கைப்பேசி கண்ணுக்கு ஓய்வு தருவதில்லை. மணல் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், சிவப்பு ஆகியவை கண் வறட்சியின் அறிகுறிகளாக இருக்கலாம். “என் கண்ணில் நீர் வடிகிறதே, அது எப்படி வறட்சியாகும்?” என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. உறுத்தல் தாளாமல் சுரக்கும் அந்த நீர், கண்ணில் தங்காமல் வழிந்தோடிவிடுகிறது என்பதே விடை.

கண்ணீர் வெறும் தண்ணீர் அன்று. கண்ணோடு ஒட்டிய சளிப்படலம், அதன்மேல் நீர், நீர் ஆவியாகாமல் காக்கும் மெல்லிய எண்ணெய் ஆகியவை சேர்ந்ததே கண்ணீர்ப் படலம். இமைக்கும்போதெல்லாம் அது கண் முழுதும் பரவுகிறது. திரையை உற்று நோக்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முதியோர், மாதவிடாய் நின்ற பெண்கள், நீரிழிவு உள்ளோர், ஒவ்வாமைக்கு மாத்திரை உண்போர், அடுப்புப் புகையில் உழல்வோர் ஆகியோருக்கு இக்குறை மிகுதி.

இதற்குத் துணை புரிவதே ‘செயற்கைக் கண்ணீர்’ எனப்படும் சொட்டு மருந்து. இது கண்ணை ஈரமாக வைக்கும், காரணத்தை நீக்காது. “கண் சிவந்திருக்கிறது, ஏதாவது சொட்டு மருந்து கொடுங்கள்” என்று கடையில் கேட்டு வாங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பை விரைவில் போக்கிவிடும். ஆனால் மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுநாள் விட்டால் கண்ணின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு பழுதாகலாம், கண்புரையும் வரலாம். நரம்பு பழுதாகி இழந்த பார்வை திரும்புவதில்லை.

மருந்தின் தூய்மையும் அதே அளவு முக்கியமானது. சென்னையைச் சேர்ந்த குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் தயாரித்து அமெரிக்காவில் விற்பனையான செயற்கைக் கண்ணீர் மருந்து, 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமியால் அங்கு 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுகாதாரத் துறை கண்டறிந்தது. 14 பேருக்குப் பார்வை இழப்பு ஏற்பட்டது. 4 பேரின் கண்ணை அகற்ற நேர்ந்தது. 4 பேர் இறந்தனர். திறக்கப்படாத புட்டிகளிலேயே கிருமி இருந்ததாக அமெரிக்க ஆய்வு கூறியது. மூடிய புட்டிக்கே இந்நிலை என்றால், வீட்டில் நால்வர் மாறி மாறிப் பயன்படுத்தும் புட்டியின் நிலை என்ன?

எனவே கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

• காலாவதி நாளையும் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

• கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். புட்டியின் நுனி இமையிலோ விரலிலோ படக்கூடாது.

• ஒருவர் புட்டியை மற்றவர் பயன்படுத்த வேண்டாம்.

• திறந்த ஒரு மாதத்திற்குப் பின், மருந்து மீதமிருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

• ஒரு சொட்டே போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள்.

• நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் இரசாயனம் சேராத மருந்து உகந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நோன்புக் காலத்தில் சிலர் சொட்டு மருந்தை அடியோடு நிறுத்திவிடுகின்றனர். ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின்படி கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

வலி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், மங்கிய பார்வை, பீளை ஆகியவற்றில் ஒன்றேனும் தோன்றினால் கடை மருந்தை நம்பிக் காத்திராதீர்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இரண்டு ஊர்களுக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. ஒரு நாள் கூலி போகிறதே என்று தயங்கிப் பார்வையை இழந்துவிடாதீர்கள்.