சட்டசபைக்கு எப்போது மனுச் செய்வது?

"சட்டசபையில் நமக்காகப் பேச ஒருவருமில்லை" என்ற குறை நெசவாளர் சங்கங்களிலும் விவசாயக் கடன் சங்கங்களிலும் அடிக்கடி எழுகிறது. பேசாதிருப்பதைக் காட்டிலும் காலந்தவறிப் பேசுவதால் விளையும் நஷ்டமே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 அங்கத்தினர் ஸ்தானங்கள் உள்ளன. 1986-ஆம் ஆண்டில் மேல்சபை நீக்கப்பட்டது. அது இருந்த காலத்திலும், அரசாங்கத்தின் செலவுக்கு வாக்களிக்கும் உரிமை கீழ்ச்சபையாகிய சட்டசபைக்கே இருந்தது. பண மசோதாவைப் பற்றி மேல்சபை 14 நாட்களுக்குள் யோசனை கூறலாம், தடுக்க இயலாது. ஆகவே, நம் தள்ளுபடி மான்யமும் வட்டிச் சலுகையும் நிறைவேறும் இடம் சட்டசபையே.

நிறைவேறும் முறையை நாம் அறிதல் வேண்டும். வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்டபின், ஒவ்வொரு துறையின் செலவும் மான்யக் கோரிக்கையாகச் சபைமுன் வருகிறது. கைத்தறிக்கும் கூட்டுறவுக்கும் தனித்தனிக் கோரிக்கைகள் உண்டு. அரசியல் சட்டத்தின் 203-ஆவது பிரிவின்படி சபை அவற்றை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்டுவதற்கு அதிகாரமில்லை. கவர்னரின் சிபாரிசின்றி எக்கோரிக்கையும் வர இயலாது. வெட்டுத் தீர்மானம் நம் குறையைச் சபையின் ஏட்டில் ஏற்றுமேயன்றி ஒதுக்கிய தொகையை உயர்த்தாது.

எனவே, கோரிக்கை விவாதிக்கப்படும் வாரத்தில் நம் தொகுதி அங்கத்தினரைத் தேடிச் செல்வது, தறியில் பாவு ஏறியபின் கரையின் நிறத்தை மாற்றச் சொல்வதற்கு ஒப்பாகும். துறைகள் மதிப்பீடு தயாரிக்கும் காலத்திலேயே நம் குரல் எட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையிலேயே பொதுக்குழு கூடித் தீர்மானம் இயற்றுவது நலம். ஓடும் தறிகள் எத்தனை, தேங்கிய சேலைகள் எத்தனை, வரவேண்டிய தள்ளுபடி எவ்வளவு என்ற கணக்குடன் துறைக்கும் தொகுதி அங்கத்தினருக்கும் அதனை அனுப்புக. கணக்கில்லாத மனு இரக்கத்தைப் பெறலாம். ஒதுக்கீட்டைப் பெறுவது அரிது.

பெரும்பான்மைக் கட்சி கொண்டுவருவதெல்லாம் நிறைவேறும்போது இம்முயற்சியால் பயனென்ன என்பார் உளர். கோரிக்கைகள் தோற்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் வினா நேரத்தில் மந்திரி பதில் கூறியாக வேண்டும். செலவான பணத்தைப் பொதுக் கணக்குக் குழு பின்னர் ஆராய்கிறது. ஒதுக்கிய தொகை நம்மை வந்தடையாவிடில் அதனைக் கேட்கும் வழிகள் இவை.

நம் சங்கத்தின் வரவு செலவைப் பொதுக்குழுவில் வினவும் அதே விழிப்புடன் ராஜ்யத்தின் வரவு செலவையும் கவனிப்போமாக. இவ்வாண்டுத் தீர்மானத்தை உரிய காலத்தில் அனுப்புவதே அதற்கு முதற்படி.