நிலம் தரும் அரசு நிபந்தனையும் விதிக்கட்டும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றைச் சுற்றியே பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஆனாலும் அங்கே இயந்திரவியல் படிக்கும் மாணவர்களில் பலர் ஆலைக்குள் நுழைவது ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ நாளில் மட்டும்தான். வரிசையாக நடந்து, வேடிக்கை பார்த்து, பேருந்தேறித் திரும்பிவிடுகிறார்கள். இதை மாற்றும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது.

புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்கு எந்தக் கல்லூரியிலும் பஞ்சமில்லை. கல்லூரிகளை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் தர மதிப்பீட்டில் அவற்றுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் கல்லூரிகள் அவற்றைச் சேகரிக்கின்றன. கையெழுத்தும் பொன்னாடையும் புகைப்படமும் முடிந்தபின் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. எந்த மாணவர் எந்தச் சிக்கலைத் தீர்த்தார் என்று கேட்க எவரும் இல்லாதவரை இது தொடரும்.

தரமணியில் வேறு வழி கண்டார்கள். 2010-இல் செயல்படத் தொடங்கிய சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் இடம்பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடு ஆய்வு, மாணவர்களுக்குத் திட்டப்பணி என்று ஐஐடியோடு சேர்ந்து வேலை செய்து ‘கிரெடிட்’ ஈட்டியாக வேண்டும். ஒத்துழைப்பு அங்கே தயவு அல்ல, இடத்துக்கான விலையின் ஒரு பகுதி. ஐஐடியின் முன்னாள் மாணவர்கள் தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய ஏத்தர் மின் ஸ்கூட்டர் நிறுவனம், தொழிலை இப்படி அருகில் வைத்துக்கொண்ட சூழலில்தான் வேர்விட்டது. ஹைட்ரஜன் ஆய்வு மையத்துக்கு 180 கோடி ரூபாய் என்று ஹூண்டாய் 2024-இல் அறிவித்தபோதும் கைகோத்தது சென்னை ஐஐடியோடுதான்.

அதில் தவறில்லை. ஆனால் மாநிலத்தின் பெரும்பான்மைப் பொறியாளர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளிலிருந்தே வருகிறார்கள். அவர்கள் பக்கம் இந்த வாய்ப்பு தானாக வராது. அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட்டின் நிலமும் மூலதன மானியமும் பெறும் ஒவ்வொரு வாகன நிறுவனமும், தன் வட்டாரக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இத்தனை கிரெடிட் ஈட்ட வேண்டும் என அரசு நிபந்தனை விதிக்க வேண்டும். பொதுமக்களின் நிலத்தையும் பணத்தையும் பெறுபவரிடம் இதைக் கேட்பது நியாயமே.

எவற்றுக்குக் கிரெடிட் என்பதில் கறாராக இருக்க வேண்டும். பயிற்சி என்ற பெயரில் மாணவர்களை அசெம்பிளி லைனில் நிறுத்தி நாள் முழுக்க ஒரே போல்ட்டை முறுக்க வைப்பது மலிவுக் கூலி. அதற்குக் கிரெடிட் கிடையாது. ஆசிரியர் ஒருவரை ஆறு மாதம் ஆலையில் வேலை செய்ய அழைத்தால் அதிக கிரெடிட் தரலாம். ஷாப் ஃப்ளோரில் நின்றிராதவர் உற்பத்தியியல் நடத்தும் அவலம் அப்போதுதான் தீரும். பாலிடெக்னிக்குகளின் மூன்றரை ஆண்டு ‘சாண்ட்விச்’ டிப்ளமோவில் தொழிற்பயிற்சி பாடத்திட்டத்திலேயே அடக்கம். தமிழ்நாட்டுக்குப் பழக்கமான அந்த முறையை ஏன் விரிவாக்கக் கூடாது?

பெரிய நிறுவனங்களைவிட இந்தக் கூட்டுறவு அவசரமாகத் தேவைப்படுவது அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஓசூர், கோவையின் சிறுபட்டறைகளுக்கு. பிஸ்டன், வால்வு, சைலன்சர் பாகங்கள் செய்து பிழைக்கும் அவர்களுக்கு மின்வாகனத்தில் அந்த வேலை இல்லை. மாற்றுப் பொருளுக்கு வடிவமைப்பும் சோதனையும் வேண்டும். ஆராய்ச்சிப் பிரிவு வைக்க அவர்களிடம் பணம் ஏது? பக்கத்துக் கல்லூரியின் ஆய்வகமே அவர்களுடைய ஆராய்ச்சிப் பிரிவாகலாம். சித்திரை வெயிலில் பேட்டரி பெட்டியின் சூட்டை எப்படி இறக்குவது என்பது இறுதியாண்டு மாணவர்களுக்கு உண்மையான கேள்வி. விலைக்கு வாங்கிய புராஜெக்ட் அதற்கு விடை தராது. ஒரு பெரிய நிறுவனம் தனக்குப் பாகம் தரும் பட்டறையையும் உள்ளூர்க் கல்லூரியையும் இணைத்துவைத்தால் இரட்டைக் கிரெடிட் தரலாம்.

தொழில் ரகசியம் வெளியேறும் என்று நிறுவனங்கள் தயங்கும். தரமணியிலும் அதே அச்சம் இருந்திருக்கும். காப்புரிமை யாருக்கு, எதை வெளியிடலாம் என்று முதலிலேயே எழுதிக்கொள்வதே அதற்குத் தீர்வு. மாணவரின் பங்குக்கு உரிய பெயரும் அதில் இடம்பெற வேண்டும்.

சிப்காட் அடுத்துக் கையெழுத்திடும் குத்தகைப் பத்திரத்திலேயே இந்த நிபந்தனை இருக்கட்டும். பழைய நிறுவனங்களுக்கு, அடுத்த தவணை மானியத்தை விடுவிக்கும்போது இதைச் சேர்க்கலாம். எந்த நிறுவனம், எந்தக் கல்லூரி, எத்தனை கிரெடிட் என்ற கணக்கைத் தொழில்துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.