திருத்தியது கண்ணுக்குத் தெரிகிறதா?

டிக்டாக் நிறுவனம் 2024 நவம்பரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தோற்றத்தை மாற்றும் சில ஃபில்டர்களை 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்த முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவரப்படும் என்று அது கூறியது. கண்களைப் பெரிதாக்குபவை, உதடுகளைத் தடிப்பாக்குபவை, தோலை வழுவழுப்பாக்குபவை எல்லாம் அந்த வகையில் அடங்கும். தலையில் விலங்குக் காதுகளை ஒட்டும் வேடிக்கை ஃபில்டர்களுக்குத் தடை இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில், சிங்கப்பூர் நாடாளுமன்றம் தேர்தல் கால இணைய விளம்பரங்கள் தொடர்பான சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. வேட்பாளர் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகவோ செய்யாததைச் செய்ததாகவோ உண்மைபோலக் காட்டும் மின்னிலக்கப் படங்களையும் காணொளிகளையும் தேர்தல் காலத்தில் வெளியிடுவது குற்றம். கேலிச்சித்திரங்களும் மீம்களும் அதில் அடங்கா. முகத்தை அழகாகக் காட்டும் ஃபில்டர் போன்ற சிறு ஒப்பனைத் திருத்தங்களும் அடங்கா.

இந்த இரண்டு செய்திகளிலும் பொதுவான ஓர் எண்ணம் இருக்கிறது. ஒரு படம் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதைவிட, அது மாற்றப்பட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியுமா என்பதே முக்கியம். ஆனால் முக ஒப்பனைத் திருத்தத்தைப் பொறுத்தவரை இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. தேர்தல் சட்டத்தின் பார்வையில் அது சின்ன விஷயம். டிக்டாக்கின் பார்வையில் அதுதான் இளையருக்கு ஆபத்து. ஊடகத் துறை படிக்கும் மாணவர்களும், திறன்பேசியில் தோழியைப் படமெடுத்துத் திருத்தும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் இதில் எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்று யோசிக்க வேண்டியுள்ளது.

பெரிய மாற்றம் பொய் ஆகாது

அழகு உருவப்படம் என்பது முகத்தையும் தோலையும் ஒப்பனையையும் நெருக்கமாகக் காட்டும் படம். அதில் சோதனை முயற்சிகள் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டன. 1929 வாக்கில் பாரிஸில் மேன் ரேயும் லீ மில்லரும் இருட்டறையில் ‘சோலரைசேஷன்’ முறையைக் கையாண்டார்கள். பதப்படுத்திக்கொண்டிருக்கும் படத்தின்மீது சற்று வெளிச்சம் பட விட்டால் சில பகுதிகளில் ஒளியும் நிழலும் தலைகீழாகும். முகத்தைச் சுற்றிக் கரிய கோடு ஒன்று வரைந்ததுபோல் விழும்.

எர்வின் புளூமன்ஃபெல்ட் 1950 ஜனவரி ‘வோக்’ இதழின் அட்டைக்காக ஒரு கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து முகத்தின் பெரும்பகுதியை அகற்றிவிட்டார். எஞ்சியவை ஒரு கண், உதடுகள், ஒரு மச்சம் மட்டுமே. ஒரு முகத்தை இதைவிட அதிகமாக மாற்ற முடியாது. ஆனாலும் அதைப் பார்த்து, மூக்கில்லாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தன் முகமும் அப்படி இல்லையே என்று எந்தப் பெண்ணும் வருந்தியிருக்க மாட்டாள். திருத்தம் வெளிப்படையாக இருந்ததால் அது கலையாக நின்றது.

இதற்கு நேர்மாறானது, தோலின் துளைகளை மட்டும் அழித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் இயல்பாக விட்டுவைக்கும் படம். மாற்றம் மிகச் சிறியது. ஆனால் பார்ப்பவர் அதை நிஜமான தோல் என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியில் தன் முகத்துடன் ஒப்பிடுவார்.

முத்திரை குத்தினால் போதுமா?

சில நாடுகள் இதைச் சட்டத்தால் தடுக்க முயன்றன. இஸ்ரேல் 2012ல் நிறைவேற்றிய சட்டம், விளம்பரத்தில் ஒருவரை ஒல்லியாகக் காட்டத் திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்றது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், உடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய வணிகப் படங்களில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று எழுத வேண்டும். மீறினால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வே இன்னும் ஒரு படி மேலே போனது. 2022 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள அதன் விதி, உடலின் வடிவம், அளவு ஆகியவற்றோடு தோலையும் சேர்த்துக்கொண்டது. சமூக ஊடகத்தில் பணம் பெற்று விளம்பரம் செய்பவர்களையும் அது கட்டுப்படுத்துகிறது.

நோக்கம் நல்லதுதான். பலன்தான் ஐயத்துக்குரியது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிகா டிக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் இத்தகைய குறிப்புகளைப் பற்றிப் பல ஆய்வுகள் செய்துள்ளனர். படத்தின் ஓரத்தில் குறிப்பு இருப்பதால் மட்டும் பெண்களுக்குத் தங்கள் உடல்மீது வரும் அதிருப்தி குறைவதில்லை என்பதே அவற்றில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு.

இதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. ‘திருத்தப்பட்டது’ என்ற ஒரு சொல் எதைத் திருத்தினார்கள் என்று சொல்வதில்லை. கண் ஒப்பிட்டு முடித்த பிறகுதான் மூளை அந்தச் சொல்லைப் படிக்கிறது. எல்லாப் படத்திலும் அதே முத்திரை வந்துவிட்டால், சிகரெட் பெட்டியில் உள்ள எச்சரிக்கையைப்போல அதுவும் பழகிப்போகும்.

நம் நிறத்துக்கு நேர்வது

இந்த விவாதம் ஐரோப்பாவில் பெரும்பாலும் உடல் எடையைச் சுற்றியே நடக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு நிறமும் சேர்ந்துகொள்கிறது.

படச்சுருள் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல்லாண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். அவர்களின் தோல் சரியாகத் தெரிந்தால் நிறம் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் இருளில் கரைந்துபோனதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டவர் இல்லை. சாக்லெட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று குறைகூறிய பிறகே படச்சுருளில் கவனம் திரும்பியதாகக் கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் பதிவுசெய்திருக்கிறார். கூகல் தன் பிக்சல் 6 கைப்பேசியில் எல்லாத் தோல் நிறங்களையும் சரியாகக் காட்டும் ‘ரியல் டோன்’ வசதியை அறிமுகப்படுத்தியது 2021ல்தான்.

கருவி திருந்தினாலும் பழக்கம் அவ்வளவு எளிதில் திருந்துவதில்லை. என் பெரியம்மா மகளின் திருமண ஆல்பத்தில் அக்காவின் முகம் ஒரு நிறமாகவும் மருதாணி இட்ட கைகள் இன்னொரு நிறமாகவும் இருக்கின்றன. யாரும் கேட்காமலேயே நிறத்தைக் கூட்டித் தந்திருந்தார்கள். வீட்டில் பலருக்கு அது கண்ணில்கூடப் படவில்லை. கண்ணில் படாத திருத்தத்தின் வலிமை அதுதான்: இப்படி இருப்பதுதான் அழகு என்று அது சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறது.

கணினிமுன் எடுக்கும் முடிவுகள்

ஆகவே, சோதனை முயற்சியாக ஓர் உருவப்படத் திட்டத்தைச் செய்யும் மாணவர் முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, படத்தைச் சரியாக உருவாக்குவது. மற்றொன்று, அதை மாற்றிப் பார்ப்பது.

உருவாக்கும் கட்டத்தில் எதிரில் இருப்பவரின் நிறத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும். கேமராவின் ஒளி அளவி, எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்கிடும் அடிப்படையில் அமைந்தது. கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் அது தேவைக்குமேல் வெளிச்சமாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகத்தை இருட்டாக்கிவிடும். இதைத் தவிர்க்க, ‘ரா’ கோப்பாக எடுத்து, முதல் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றை முகத்தருகே பிடிக்கச் சொல்லி, நிறச் சமநிலையை அந்த அட்டையை வைத்து அமைக்கலாம். ‘ஆட்டோ’ பொத்தானை நம்ப வேண்டியதில்லை.

தோலைத் திருத்தும்போதும் இதே கவனம் தேவை. ‘ஃபிரீக்வென்சி செபரேஷன்’ என்ற முறை தோலின் நுண்ணிய அமைப்பை ஓர் அடுக்கிலும் நிறத்தையும் நிழலையும் இன்னோர் அடுக்கிலும் பிரித்துத் தரும். பலர் அதைக் கொண்டு எல்லாவற்றையும் மழுங்கடித்துவிடுகிறார்கள். கறுத்த தோலில் கன்னத்தின் வடிவத்தையும் நெற்றியின் வளைவையும் காட்டுவது அங்கங்கே விழும் ஒளித்திட்டுகள்தான். அவற்றை ‘எண்ணெய் வழிகிறது’ என்று அழித்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும்.

மாற்றிப் பார்க்கும் கட்டத்தில் தயக்கமே வேண்டாம். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று பதிக்கலாம். ‘கர்வ்ஸ்’ கோட்டைத் தலைகீழாக வளைத்து மேன் ரேயின் கோட்டைக் கணினியில் வரவழைக்கலாம். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு அலைவரிசையை எடுத்தால் தோல் வெளுத்து வழுவழுப்பாகும். நீல அலைவரிசையை எடுத்தால் கருத்து, மச்சமும் தழும்பும் வரியும் எழுந்து நிற்கும். அழகுத் துறை மறைப்பதையெல்லாம் முன்னால் கொண்டுவரும் ஒரு தொடர், நீல அலைவரிசையை வைத்தே செய்துவிடலாம்.

படத்தில் இருப்பவரின் விருப்பம்

முகப்பருவை எடுத்துவிடச் சொல்லி அவரே கேட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. அனுபவமுள்ள படத் திருத்துநர்கள் பலர் ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: அடுத்த வாரம் போய்விடும் பருவை எடுக்கலாம், அவரோடு இருக்கும் மச்சத்தையும் தழும்பையும் அவர் கேட்காமல் தொடக்கூடாது. அவர் கேட்டது எது, நாமாகச் செய்தது எது என்று குறித்து வைப்பது இன்னும் நல்லது.

பிரிட்டிஷ் படக் கலைஞர் ரேங்கின் 2019ல் இதையே ஒரு திட்டமாக்கினார். 13 முதல் 19 வயது வரையுள்ள 15 இளையரைப் படமெடுத்து, சமூக ஊடகத்தில் போடத் தகுந்ததாக நீங்களே திருத்துங்கள் என்று அவர்களிடமே கொடுத்தார். பெரிய கண், சிறிய மூக்கு, வெளிறிய தோல் என்று படங்கள் திரும்பி வந்தன. அசலையும் திருத்தியதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்போது திருத்தம் மறைந்திருக்க முடியவில்லை. நார்வேயின் முத்திரையால் செய்ய முடியாததை அந்த ஒப்பீடு செய்தது.

நம் பள்ளிகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் நடக்கும் படக் கண்காட்சிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. செலவும் இல்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி எழுதினால் போதும்: எந்த ஒளியில் எடுத்தது, பிறகு எதை மாற்றியது, யார் விருப்பத்தில் மாற்றியது. இடம் இருந்தால் அசல் படத்தைச் சிறிதாக அருகில் ஒட்டலாம். வேலையை முடித்ததும், படத்தில் இருப்பவரைப் பார்த்திராத ஒரு நண்பரிடம் காட்டி, எதை மாற்றியிருக்கிறேன் என்று கேட்கலாம். அவரால் சுட்டிக்காட்ட முடிந்தால் அது வெளிப்படையான கலை. முடியாவிட்டால் அந்த இரண்டு வரி கட்டாயம் வேண்டும்.

சட்டம் விளம்பரங்களைத்தான் எட்டும். நாம் ஒருவருக்கொருவர் எடுத்துப் பகிரும் படங்களை அது எட்டாது. ஒரு நாளில் நாம் அதிகம் பார்ப்பது நம் நண்பர்களின் முகங்களைத்தான். அந்த முகங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவுசெய்பவர்கள் நாமே.